இதரச் செலவுகள்

படகு வாங்கியபோது
அதற்கு என் பெயரை வைத்தான் ட்வைட்.
லொரெட்டா.
நீலப் பட்டை மேல் வெள்ளை எழுத்து.
ஈரி ஏரியில் நான்கே முறை மிதந்தேன்.
மீதி நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திப் படுத்தபடி
ஆண்டுக்கு இருபத்திரண்டு சதவீதம் தின்றேன்.

படகு மட்டுமா.
பனிப்புயலில் செத்துப்போன ஹீட்டர்,
ட்வைட்டின் கடைவாய்ப் பல்,
இன்று எடு, அடுத்த வருடம் கொடு என்ற சோபா.
அடுத்த வருடம்
உண்மையிலேயே வந்துவிடும் என்று
சோபா வாங்குகிறவர் யாரும் நினைப்பதில்லை.

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில்
ஏழு கடன் அட்டைகளையும் மேசையில்
சீட்டுக்கட்டு போலப் பரப்பிக் கூட்டினோம்.
முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அவன் மறுபடி கூட்டினான்.
அதேதான்.
நாய் மட்டும் வாலை ஆட்டியது.

கத்தரிக்கோல் என்னிடம் இருந்தது.
அட்டை வெட்டுப்படும் சத்தம்
கால் நகம் வெட்டுவது போலத்தான் இருக்கிறது.
பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம்.
அதன் முதல் வரி:
நோட்டு, நாற்பது சென்ட்.

வாயைக் கட்டுவது பெரிதில்லை.
பதினாறு விதமாக பீன்ஸ் சமைக்கலாம்,
பதினேழாவது தோற்றுப்போனது.
ரொட்டிப் பைகளைக் கழுவி
ஜன்னலில் காயப்போட்டேன், ஜெல்லிமீன்கள் போல.
வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும்.
ட்வைட்டுக்கு நானே முடி வெட்டினேன்;
ஒரு காது மடலில் இன்னும் தழும்பு.

பெரிது, பொய் சொல்லுவது.
பிளாஸ்டிக் ஆலையில் என்னோடு வேலை செய்யும் பெர்னடெட்
வெள்ளிதோறும் சாப்பிடக் கூப்பிடுவாள்.
ஐந்து வருடமாக என் வயிறு சரியில்லை என்று
இன்றும் நம்புகிறாள்.
மூலிகைத் தேநீர் கூடக் கொடுத்தாள், பாவம்.
ஒரு பொட்டலத்தை மூன்று முறை கொதிக்கவைத்தேன்.

ஆஷ்டபூலாவிலிருந்து ஒருவன் வந்து
இரண்டாயிரத்து நூறுக்குப் படகை இழுத்துப் போனான்.
என் பெயர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை
கையில்லாத ஸ்வெட்டரோடு நின்றேன்.
அழவில்லை.
அது நின்ற இடத்தில் புல் மஞ்சளாக இருந்தது,
படகின் அளவுக்கு, கச்சிதமாக.

மூன்றாவது குளிர்காலம்.
துவைக்கப்போட்ட கால்சட்டைப் பையில் ஒரு ரசீது:
டோனட் ஒன்று. ஒரு டாலர் எண்பத்தொன்பது.
வியாழக்கிழமை.
நான் இரட்டை ஷிஃப்ட் பார்த்த வியாழக்கிழமை.

அன்றிரவு பீன்ஸை
வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன்.
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
அவன் தூங்கிய பிறகு நோட்டைத் திறந்து
இதரம், 1.89 என்று எழுதினேன்.
யாருடையது என்று எழுதவில்லை.

அடுத்த வியாழன்
ஆலை வாசலில் லாரியோடு நின்றான்.
என் இருக்கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை.
நோட்டில் அவன் கோணல் கையெழுத்து:
இதரம், 3.78.
எனக்குக் கோபம் தீரவில்லை.
ஆனாலும் விரல்களை நக்கினேன்.

ஐந்து வருடம் இரண்டு மாதம் கழித்து
கடைசித் தவணை கட்டினோம்.
தொலைபேசியில் நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு எந்திரக் குரல்:
நிலுவை எதுவும் இல்லை.
எங்கள் சேவை பிடித்திருந்தால் எண் ஒன்றை அழுத்துங்கள்.
ட்வைட் என்னைப் பார்த்தான். அவ்வளவுதானா?
எந்த எண்ணையும் அழுத்தாமல் வைத்தேன்.

ஹீட்டரை இரண்டு டிகிரி ஏற்றினான்.
வியர்ப்பது போல் இருந்தது இருவருக்கும்.
யார் இறக்கியது என்று தெரியவில்லை,
காலையில் பழைய எண்ணிலேயே நின்றது.

அதே வாரம் தபாலில் கனத்த உறை.
உங்களுக்காகவே ஒப்புதல் பெற்ற புதிய அட்டை, மாதிரிப் படத்தோடு.
நீலப் பட்டை மேல் வெள்ளை எழுத்தில்
லொரெட்டா.

நல்ல தாள்.
பின்பக்கம் முழுக்க வெறுமை.
வெங்காயம், சோப்பு, நாய்க்குச் சாப்பாடு என்று எழுதி
குளிர்பெட்டியில் ஒட்டினேன்.